சிகரத்தார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. மலையேறிகள் உண்டு. முன்பு ஊருக்கொரு மலாயாப் பென்சனியர் இருந்தார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் தான் கொடி காட்டிய கதையைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சொல்லுவார். அவர்கள் காலமாகிப் போனார்கள். வெறுமையாய்க் கிடந்த அந்தக் கதிரையில் இப்போது வந்து அமர்ந்திருப்பவர்தான் சிகரத்தார். வடமராட்சியில் ஒருவர், தென்மராட்சியில் ஒருவர், வலிகாமத்தில் தடுக்கி விழுந்தால் ஒருவர். தீவுப்பகுதியில் இருப்பவர் மலைக்குப் போகுமுன் படகும் ஏறவேண்டியிருப்பதால் தன்னை மற்றவர்களைவிட ஒருபடி மேலானவராகக் கருதுகிறார்.

அவரை விளங்கிக்கொள்ள முதலில் நிலத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலுக்கடியில் கிடந்து மேலே வந்தது. வந்ததே தவிர, அதிக தூரம் வரவில்லை. 'கீரிமலை என்று ஓரிடம் இருக்கிறதே' என்று வெளியூரார் கேட்பார்கள். இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து ஓர் 50 அடி. மலையைத் தேடிப் போனவர் அங்கே படியிறங்கிக் கேணியில் குளித்துவிட்டு, நகுலேசுவரரைக் கும்பிட்டுத் திரும்பலாம். கந்தரோடைக்குக் கதிரமலை என்று பழம்பெயர் சொல்லுகிறார்கள். அங்கே போனாலும் வயல்தான். எல்லாவற்றையும்விடச் சங்கடமானது முருகன் விஷயம். அவர் குறிஞ்சி நிலத்துக் கடவுள். நல்லூர், மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி என்று அவருக்குக் கோயில் எடுத்து, கந்தபுராணத்தை ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லிவந்த எங்களால், அவர் கால் வைக்க ஒரு சிறு குன்றைக் காட்ட முடியவில்லை. நல்லூரில் ஒன்பது நிலைக் கோபுரம் எழுப்பி ஒருவாறு சமாளித்திருக்கிறோம்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது பனைமரம். வலிகாமத்துச் செம்மண் தோட்டம், அதன் ஓரத்து வேலி, வேலிக்கப்பால் வெளி, வெளிக்கப்பால் கடல் நீரேரி. இவ்வளவையும் ஒரே பார்வையில், காலையும் மாலையும், சம்பளமில்லாமல் பார்த்தவர் கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவர்தான். மேலேயிருந்து என்ன தெரிகிறது என்று அவரை விசாரித்த பெரிய மனிதர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. முட்டி நிறைந்திருக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

சிகரத்தார் பெரும்பாலும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். வங்கி முகாமையாளர், தபாலதிபர் இனத்திலும் சிலர் உண்டு. ஆனால் நோய் முற்றுவது புவியியல் மாஸ்டரிடம்தான். பாவம், காரணம் இருக்கிறது. தொழில் பார்த்த காலம் முழுக்க அவர் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு படிப்பித்தவர். நூறடிக்கொரு கோடு போட்ட பழைய ஓரங்குலப் படத்தை மேசையில் விரிப்பார். கண்டிப் பக்கத்துத் தாளில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் தாளிலோ கோவில், குளம், வீதி, பனங்கூடல் எல்லாம் இருக்கும், கோடு மட்டும் இராது. எங்கள் நிலம் முதலாவது நூறடியையே எட்டாதே! 'கோடுகள் நெருங்கினால் சாய்வு கூட, விலகினால் சாய்வு குறைவு' என்பார். 'கோடே இல்லாட்டில், சேர்?' என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பதில் தேடித்தான் அவர் பென்சன் எடுத்த மறுமாதமே சப்பாத்து வாங்கினார்.

படத்தில் கண்டதை நேரில் போய்ப் பார்க்கவும் வழியிருக்கவில்லை. 1990 இல் யாழ்தேவி நின்றது. மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர 2014 ஒக்ரோபர் ஆயிற்று. ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 இல் மூடிற்று. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மலை என்பது பாடப்புத்தகத்துப் படம். அதையும் மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்தார்கள். பாதை மறுபடி திறந்ததும் சனம் தெற்கே பாய்ந்ததில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் ஒருமுறை போய், நுவரெலியாவில் குளிரில் நடுங்கி, லீக்ஸ் கட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். சிகரத்தார் திரும்பியதும் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார்.

ஆள் சேர்ப்பது என்றால் வான் பிடிப்பது. பதினான்கு பேர் இருக்கைக்குப் பதினெட்டுப் பேர். முன்சீற் அவருக்கு, வழி காட்ட. சாரதி அதே வழியில் வாரம் இருமுறை போய் வருகிறவர் என்பது வேறு கதை. புறப்படுவதற்கு முதல்நாள் ஓர் அறிவுரைக் கூட்டம் வைப்பார். பாரம் குறைய வேண்டும், ஒருவருக்கு ஒரு பைதான் என்பார். மறுநாள் விடிய மூன்று மணிக்குப் பார்த்தால் அவருடைய வீட்டிலிருந்தே புட்டுப் பெட்டி, இடியப்பத்துக்குச் சொதி வாளி, பருத்தித்துறை வடைப் போத்தல், நெல்லி ரசம், சுடுதண்ணீர்ப் பிளாஸ்க் இரண்டு, பனடோல், சித்தாலேப, அட்டைக்கு உப்புப் பை, விரித்துப் படுக்கப் பாய், மாமியார் எல்லாம் வந்து ஏறும். இவை தவிர அவருடைய தனிப்பட்ட ஆயுதங்கள் மூன்று. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய மடக்குத் தடி, மங்கித் தொப்பி, போனில் உயரம் காட்டும் செயலி. இந்தச் செயலி யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஓயாத தலைக்குனிவு. வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் ஒருநாள் ஆறு மீற்றர் என்னும், இன்னொருநாள் கழித்தல் இரண்டு என்னும். கடலுக்குக் கீழே குடியிருப்பதாக அறிந்து மனைவி பயந்தது அப்போதுதான்.

கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா வரைக்கும் சிகரத்தார் நித்திரை. வன்னியில் சிறு மலைகள் இல்லாமலில்லை. நெடுங்கேணிப் பக்கம் வெடுக்குநாறி, முல்லைத்தீவில் குருந்தூர் இருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் ஏறுவதற்கு முன் தொல்லியல் திணைக்களத்தின் பலகையையும் நீதிமன்றக் கட்டளையையும் வாசிக்க வேண்டியிருக்கும். சிகரத்தார் பென்சனியர், வம்புக்குப் போகமாட்டார். மதவாச்சி தாண்டி மிகிந்தலைக் குன்று தெரிந்ததும்தான் விழிப்பார். 'அந்தா! மலை!' என்று அவர் போடுகிற சத்தத்தில் வான் ஒருமுறை குலுங்கும். பிறகு வாய் மூடாது. தம்புள்ளை வரை வருகிற ஒவ்வொரு பாறைக்கும் பெயர், உயரம், உருவான விதம். 'இது எங்கட சுண்ணாம்புக்கல் மாதிரி இல்லை. கோடிக்கணக்கான வருசத்துக் கல். எங்கட நிலம் இதுக்குக் கொள்ளுப்பேரன்' என்பார். இதில் பிழை சொல்ல முடியாது. பின்சீற்றில் பாதிப்பேர் தலையைத் தொங்கப்போட்டு உறங்குவதால் யாரும் சொல்லப்போவதுமில்லை.

விடுமுறைக் காலமென்றால் வானில் கட்டாயம் ஒரு சுவிஸ் மச்சான் இருப்பார். இவர் சிகரத்தாரின் பிறவி விரோதி. உண்மையான மலைச் சப்பாத்து, உண்மையான மலைப் பை, கூலிங்கிளாஸ். சிகிரியா வாசலில் அவரை என்ன செய்வது என்பதே முதல் பிரச்சினை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு 30 டொலருக்குக் குறையாது. உள்ளூர்க்காரருக்குச் சில்லறை. 'சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இந்தச் செருப்பைப் போடும். கண்ணாடியையும் கழட்டும். ஆராவது கேட்டால் வாய் திறக்காதையும்' என்று வானுக்குள் வைத்து உருமாற்றம் நடக்கும். மச்சான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கடைசியில் ரிக்கற் கொடுப்பவரிடம் 'தாங்க்யூ' என்று சொல்லி டொலரையும் கட்டுவார். அந்தக் கோபத்தை உச்சியில் ஏறியதும் தீர்த்துக்கொள்வார்.

"எங்கட யுங்பிராவுக்கு முன்னால இதென்ன அத்தான், மண்புட்டி."

"எவ்வளவு உயரம் அது?"

"நான் போன இடம் 3,454 மீற்றர்."

"எத்தினை மணித்தியாலம் நடந்தனீர்?"

"நடக்கிறதோ? கோச்சியில போறது. மேலயே ஸ்ரேசன் இருக்கு."

சிகரத்தார் தடியை மெதுவாக மடக்கி மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "பட்டிப்பொலையிலயும் ஸ்ரேசன் இருக்கு. 6,200 அடிக்கு மேல. அங்க தேத்தண்ணி குடிக்கிற சனத்தை நாங்கள் மலையேறி எண்டு சொல்லுறேல்லை" என்பார். அதன்பின் கண்டி வரை மச்சான் யன்னல் பக்கம் திரும்பியே இருந்ததாக வானில் வந்தவர்கள் சொல்லுவார்கள்.

சிகரத்தாருக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. உயர்ந்த மலையை அவர் நாடுவதில்லை. நாட்டில் மிக உயர்ந்தது பீதுருதலாகலை, 2,524 மீற்றர். அதில் படைமுகாமும் ஒளிபரப்புக் கோபுரமும் இருப்பதால் நடந்து ஏற விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போகலாம். 'வாகனத்தில போறதெண்டால் வான்காரன்தான் மலையேறி' என்று அதைத் தள்ளிவிடுவார். அவருக்குப் பிடித்தவை எல்லாம் விடிய ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கக்கூடிய இடங்கள். எல்லப் பக்கத்துச் சின்னச் சிவனொளிபாதம், கண்டியில் ஹந்தானை, அப்புத்தளையில் லிப்ரன் சீற். உச்சியில் நின்று சுற்றிவர நாலு மாகாணமும் தெரியவேண்டும், கீழே வான் நிற்கிற இடமும் தெரியவேண்டும்.

பெரிய சிவனொளிபாதம் மட்டும் விதிவிலக்கு, அது கடமை. மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை பருவகாலம். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் 5,000 படிக்கு மேல். மேலே ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறாரோ அத்தனை முறை அடிப்பது அங்கே வழக்கம். முதன்முறை வந்தவர் ஒருமுறை அடித்துவிட்டுக் கண்ணீரோடு விலகுவார். சிகரத்தார் கயிற்றைப் பிடித்தால் விடமாட்டார். பள்ளிக்கூடச் சாரணர் இயக்கத்தோடு வந்தது, கலியாணத்துக்கு முன் வந்தது, மழையால் இடையில் நின்றது எல்லாவற்றையும் கூட்டி அடிப்பார். பின்னால் வரிசை நீளும். ஒருமுறை மனைவி வந்து கையைப் பிடித்தார். "பாதியில திரும்பினதுக்கும் அடிச்சால் இஞ்சை கும்பிடுற சனத்துக்கு விடிஞ்சுபோம்." சூரியன் எழுந்து, மலையின் முக்கோண நிழல் மேற்கே நீண்டு விழுகிற அந்தச் சில நிமிடங்களில் சிகரத்தார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்காதீர்கள். நிழலின் கோணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

லிப்ரன் சீற்றுக்குப் போன பயணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் போனால் தோமஸ் லிப்ரன் 1890 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து தேயிலை மலைகளுக்கூடாக ஏழு கிலோமீற்றர் வீதி வளைந்து வளைந்து மேலே போகிறது. லிப்ரன் அங்கே இருந்துகொண்டு தன் சொத்தைப் பார்த்தாராம். தெளிந்த விடியற்காலையில் தென்கரை வரை தெரியும். ஒன்பது, பத்து மணியானால் முகில் ஏறிவிடும். ஆகையால் ஐந்து மணிக்கே புறப்படவேண்டும் என்பது சிகரத்தாரின் கட்டளை. ஐந்து மணிக்குப் புட்டு அவிகிறது. ஆறு மணிக்கு மாமியாரின் மூட்டுக்கு எண்ணெய் பூசுகிறார்கள். ஏழு மணிக்குச் சொதி வாளியை வானில் விடுவதா கொண்டுபோவதா என்று விவாதம். நடை தொடங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வாளியும் கூடவே வந்தது.

மூன்றாவது வளைவில் சிகரத்தார் தடியை ஊன்றி நின்றார். களைப்பு அல்லவாம், காட்சியாம். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துப் பையை முதுகில் தொங்கவிட்ட ஒரு பெண், வெறுங்காலோடு, கதைத்தபடியே அவரைக் கடந்து போனார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"யாழ்ப்பாணமா சார்?"

"ஓம் தங்கச்சி. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"சட்டி வாளியெல்லாம் தூக்கிக்கிட்டு மேல போறது நீங்கதான். ஆட்டோ போவுதே சார், ஏன் நடக்குறீங்க?"

"மலையேறத்தான் வந்தனாங்கள்."

"நானும் மலைக்குத்தான் சார் போறேன்."

சிகரத்தாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தன் சாதி ஆள் ஒன்றை இந்த உயரத்தில் கண்டால் யாருக்குத்தான் புல்லரிக்காது? "அப்ப சேர்ந்தே போவம். நீங்கள் எத்தினையாம் தரம் ஏறுறியள்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பெண் வீதியை விட்டு விலகி, செங்குத்துச் சரிவில் நாலு எட்டில் ஏறி, தன் நிரையில் நின்று கொழுந்து கிள்ளத் தொடங்கிவிட்டார். அன்றைய நாளுக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டிய கிலோ கணக்கு அவருக்கு. எத்தனையாம் தரம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்காது. அங்கே மணி இல்லை, இருந்தாலும் அவர் அடித்து முடிக்கச் சில நாள் செல்லும். சிகரத்தார் ஊரில் வந்து இந்தப் பயணத்தை எத்தனையோ முறை வர்ணித்திருக்கிறார். அட்டை கடித்தது வரும், சொதி சிந்தியது வரும். இந்தப் பெண் மட்டும் அந்தக் கதையில் வருவதேயில்லை. என்னிடம் சொன்னது வாளி தூக்கிய பையன்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முகில் மூடியிருந்தது. லிப்ரன் குந்தியிருக்கிற சிலையையே பத்தடி கிட்டப் போய்த்தான் கண்டார்கள். வேறொருவராயிருந்தால் தலையில் கை வைத்திருப்பார். சிகரத்தாருக்கோ அந்த வெண்மை கரும்பலகையாகிவிட்டது. தடியை நீட்டினார். "இது தெற்கு. அந்தா, அம்பாந்தோட்டை. அதுக்கு இஞ்சால உடவளவைக் குளம் மினுங்குது பாருங்கோ."

"வெள்ளையாக் கிடக்கு சேர்."

"வெள்ளைக்குப் பின்னால பார், தம்பி."

பார்த்தார்கள். அரை மணித்தியாலம் அவர் காட்டக் காட்ட, காணாத குளத்துக்கும் காணாத கடலுக்கும் தலையாட்டினார்கள். பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சுட்டிய திசையும் சரி, தூரமும் சரி. முப்பது வருடம் கோடில்லாத தாளில் மலை காட்டிய கைக்கு, முகிலில் ஒரு குளம் காட்டுவது பெரிய காரியமா? கடைசியில் ஒரு சிறுமி கேட்டாள்: "யாழ்ப்பாணம் எந்தப் பக்கம், சேர்?" சிகரத்தார் அப்படியே திரும்பி, வடக்கே நின்ற தேத்தண்ணிக் கடையின் தகரச் சுவரைக் காட்டி, "நேர இதால" என்றார். அந்தச் சுவரின் முன்னால்தான் எல்லோரும் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியபின் ஒரு மாதம் அவர் தரைக்கு இறங்கமாட்டார். வாசிகசாலை, தேத்தண்ணிக் கடை, கலியாண வீடு, செத்தவீடு எங்கும் உயரம் பற்றிய பேச்சு. செத்தவீட்டில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், மீற்றரைத் தாழ்த்தமாட்டார். ஒவ்வொரு தடவையும் மலை ஐம்பது மீற்றர் வளரும். 'மனுசன் மலையேறிப் பல நாளாச்சு, இன்னும் இறங்கேல்லை' என்று மனைவி வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவார்.

இவரை இறக்க வல்லவர் ஊரில் ஒருவரே. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற பெரியம்மா, எழுபதைத் தாண்டியவர். சிகரத்தாரின் கதையை வெற்றிலை இடித்தபடி முழுக்கக் கேட்பார். சப்பாத்து எவ்வளவு, தடி எவ்வளவு என்று விலை விசாரிப்பார். பிறகு, "நாங்கள் சந்நிதியில வேல் எடுத்துக் கதிர்காமம் போகேக்குள்ள செருப்பும் போடுறேல்லை, ராசா" என்பார். தொண்டைமானாற்றிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரையால் வாரக்கணக்காய் நடந்து, யானைக் காட்டுக்குள்ளால் போய், கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேர்ந்து, அதற்குமேல் அங்குள்ள கதிரமலையும் ஏறி இறங்கியவர். "மேலயிருந்து என்ன தெரிஞ்சது பெரியம்மா?" என்று சிகரத்தார் ஒருமுறை கேட்டார், தொழில்முறை ஆர்வத்தில்.

"ஆர் பாத்தது? வேலைக் கும்பிட்டிட்டு இறங்கினது."

சிகரத்தார் அன்று தேத்தண்ணியை முழுக்கக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

2022 இல் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போயிற்று. கியூஆர் அட்டையில் மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வான்காரர் கையை விரித்துவிட்டார். தொடர்ந்து சில மாதம் சமதரையில் இருந்ததில் சிகரத்தாருக்கு உடம்பு வாடிவிட்டது. ஓவசியரிடம் போய்க் கிராமத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏற அனுமதி கேட்டதாகவும் ஒரு கதை உண்டு, நான் நம்பவில்லை. கடைசியில் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு சிகரத்தைக் கண்டுபிடித்தார். மணற்காடு.

வல்லிபுர ஆழ்வார் கோவிலைத் தாண்டிக் கிழக்கே போனால் வருவது அது. சோளகமும் வாடையும் மாறிமாறிக் குவித்த மணற்குன்றுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். உண்மையில் குடாநாட்டில் கால் புதைய ஏறி, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வெளியுமாய்ப் பார்க்கக்கூடிய இடம் இதுதான். இத்தனை காலமும் சிகரத்தார் இதைக் கணக்கில் எடுக்காததற்குக் காரணம், இதற்கு வானில் போகத் தேவையில்லை என்பதே.

பன்னிரண்டு சைக்கிள்கள். வழக்கமான ஆயத்தங்கள், சொதி வாளி உட்பட. மங்கித் தொப்பியும் இருந்தது, ஆவணி வெயிலில். சவுக்கமரங்களில் சைக்கிள்களைச் சாத்திவிட்டு, மணலில் கொஞ்சத் தூரம் இழுபட்டு நடந்து, ஒரு மேட்டில் எல்லோரையும் நிறுத்தி அறிவுரை தொடங்கினார். "மணல் சறுக்கும். ஒராளுக்குப் பின்னால ஒராள் வரவேணும். மூச்சு வாங்கினால் வெக்கப்படாமல் இருக்கவேணும். உச்சிக்குப் போனபிறகுதான் தண்ணி குடிக்கிறது. காத்து அடிக்கிற பக்கம் சாய்வு குறைவு, மற்றப் பக்கம் செங்குத்து, ஏனெண்டால்..." காற்றும் மணலும் பற்றி இருபது நிமிடம் போயிற்று. சரியான விளக்கம், பரீட்சையில் எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற ஊர்ப்பையன் ஒருவன் இவ்வளவையும் கேட்டு நின்றான்.

"எங்க ஐயா போகப் போறியள்?"

"உச்சிக்கு, தம்பி."

பையன் நாலு பக்கமும் பார்த்தான். "நீங்கள் நிக்கிறதுதான் ஐயா உச்சி."

எல்லோரும் சிகரத்தாரைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பைக்குள் வைத்தார். தடியை முழு நீளத்துக்கும் இழுத்து மணலில் ஊன்றினார்.

"அப்ப எல்லாரும் படத்துக்கு நில்லுங்கோ. தம்பி, நீ ஆடுகளைக் கொண்டு கொஞ்சம் கீழ இறங்கி நில். இன்னும் கீழ. இன்னும். உயரம் தெரியவேணும்."